ஒன்றாம் எண் பெட்டி

"நேத்து ஒரு தடவை, இன்னிக்கு ஒரு தடவை" என்று வாசற்படியில் நின்றபடியே சம்பந்தி இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். இரண்டிலும் ரொட்டி மாவு காய்ந்து வெளுத்திருந்தது. "ரெண்டு தடவையும் கொட்டகையை நான்தான் திறந்தேன் சம்பந்தி."

"உள்ள வாங்க. நின்னுக்கிட்டே பேசறீங்களே."

"இருக்கட்டும், அடுப்புல ரொட்டி இருக்கு. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. குளிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நேத்தும் இன்னிக்குமா?"

"தினமும் குளிக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல உண்டு" என்றார் பெரியசாவி.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஊருக்கு அவர் பெரியசாவி. தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையின் பெரிய இரும்புச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். அதற்கு முன்னால் அது அவருடைய அப்பாவின் இடுப்பில் தொங்கியது. அதற்கும் முன்னால் தாத்தாவின் இடுப்பில். மாற்றுச் சாவி ஒன்று ரொட்டிக்கடைக்காரரிடம் உண்டு. அவர் பெயர் சின்னசாவி. பெரியசாவியின் மகளைச் சின்னசாவியின் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் சம்பந்திகள். அதாவது, ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பேச வேண்டுமானால் மரியாதையாகத்தான் பேச வேண்டும்.

"பெட்டி கத்தலையோன்னு நினைச்சேன்" என்றார் சின்னசாவி, மரியாதையாக.

"எங்க வீட்டுப் பெட்டி கத்தாம இருக்குமா?"

"அதானே. என்னுது கத்தினா தகரத்தை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"எங்களுது அப்படிக் கிடையாது. ஆலைச் சங்கு ஊதற மாதிரி, கம்பீரமா, அடியிலேருந்து எழும்பும். ஒன்றாம் நம்பர் இல்லையா? அதுக்குன்னு ஒரு கண்ணியமான சத்தம் வெச்சிருப்பாங்க."

சின்னசாவி படியிறங்கினார். வாசல் கதவைச் சாத்தும்போது, போகிறபோக்கில் சொல்வதுபோல், "இன்னும் ஒண்ணுதான் பாக்கி சம்பந்தி. விதி உங்களுக்கே தெரியும்" என்றார்.

விதி பெரியசாவிக்குத் தெரியும். எழுதியவரே அவர்தான்.

அந்த ஊரில் தீயணைப்பு என்பது பதினோரு வீட்டார் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. பதினோரு வீட்டிலும் ஆளுக்கொரு பெட்டி. எங்காவது புகை எழுந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெண் ஒரு பொத்தானை அழுத்துவாள். பதினோரு பெட்டியும் சிவப்பு விளக்கை எரியவிட்டுக் கூப்பிடும். பெட்டியிலுள்ள பச்சைப் பொத்தானைத் தட்டினால் 'வருகிறேன்' என்று அர்த்தம். ஒரே மாதத்தில் மூன்று அழைப்புக்கு வராதவருடைய எண்ணும், அந்த எண்ணோடு வரும் உரிமைகளும் அடுத்த எண்காரருக்குப் போய்விடும். ஏழாம் எண் வீட்டுத் தையற்காரர் அடிக்கடி தாமதமாக வருகிறார் என்பதற்காக, ஆறு வருடத்துக்கு முன் பெரியசாவி தம் கைப்பட எழுதிய விதி அது. ஒன்றாம் எண்ணுக்குரிய உரிமை, பெரிய சாவி. ஒன்றுக்கு அடுத்த எண் இரண்டு. இரண்டாம் எண் சின்னசாவி.

தாத்தா காலத்தில் கோபுர மணி. அப்பா காலத்தில் கையால் சுற்றுகிற சங்கு. இப்போது பெட்டி. எது கூப்பிட்டாலும் கொட்டகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து இந்த வீட்டுக் கையெழுத்தாகவே இருந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இரண்டாவதாகப் போய்ச் சேரும் வழக்கமில்லை.

பெரியசாவி சமையலறைக்குப் போனார். பெட்டி வந்த புதிதில் அவர் மனைவிதான் இடம் பார்த்து அதை அங்கே மாட்டச் சொன்னாள். சமையலறை, படுக்கையறை, துணி காயப்போடும் பின்பக்கம் என்று எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற இடம். முன்னறையில், அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்டுவதுதான் முறை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இங்கதான் பிளக்கு இருக்கு" என்று அவள் முடித்துவிட்டாள்.

பெட்டியின் சின்னக் கண்ணாடியில் '2' என்று தெரிந்தது. பதில் சொல்லாத அழைப்புகள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பெட்டிக்குக் கீழே ஆணியில் மாதச் சோதனை அட்டை தொங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை அழைப்பு வரும். அந்த நேரத்தில் அவர் கொட்டகையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆகவே அட்டையில் மனைவிதான் குறித்து வைப்பாள். பெட்டி வந்த ஒன்பது வருடமும் மாதம் தவறாமல் அவளுடைய குண்டு குண்டு எழுத்தில் 'சரி', 'சரி', 'சரி'.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் பெரியசாவி.

ஞாயிற்றுக்கிழமைதான் மகள் வீட்டிலிருந்து போன் வந்தது. பேரன் மாடிப்படியில் சறுக்கி விளையாடிக் கையை முறித்துக்கொண்டான் என்று. அவர் மனைவி அரைமணி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போகும்போது மகனிடம் பெட்டியைக் காட்டி என்னவோ சொன்னாள். மகன் தலையை ஆட்டினான். அவன் காதில் பாட்டுக் கருவி இருந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. சத்தத்தைக் கூட்டுவதற்குத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதை வலப்பக்கம் முழுசாகத் திருப்பினார். பிறகு சோதனைப் பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் அணையப்போகும் ஊதுவத்தி நுனி மாதிரி மங்கலாக எரிந்தது.

"மாமா, விளக்கு முன்னெல்லாம் பளிச்சுன்னு எரியுமே" என்றாள் மருமகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். எதையும் இரண்டு தடவை பார்ப்பவள்.

"விளக்கைப் பத்தி யாரும்மா கவலைப்பட்டா? அது பாட்டுக்கு மங்கலா எரியட்டும். மின்சாரமெல்லாம் விளக்குக்கே போய்ட்டா சத்தத்துக்கு எங்கேருந்து வரும்?"

அவள் இன்னொரு தடவை பெட்டியைப் பார்த்துவிட்டு, விடைத்தாள் திருத்தப் போனாள்.

சாயங்காலம் மனைவியின் போன் வந்தது. பேரன் கைக்கட்டில் படம் வரைந்திருக்கிறான், மகள் வேலைக்கு லீவு போட முடியவில்லை, இன்னும் பத்து நாளாவது ஆகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன? ராஜா மாதிரி இருக்கு."

"அந்தச் சிவப்பு விளக்கு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"கண்ணு எதுக்கு? எனக்குக் காது ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

"மருமககிட்ட போனைக் குடுங்களேன்."

மருமகள் பேசினால் பெட்டி ஊமையான கதை அந்த வழியாகவே சின்னசாவியின் மகன் காதுக்குப் போகும். "அவ வேலையா இருக்கா" என்று சொல்லிப் பெரியசாவி போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை அவருக்கு ஒரு உண்மை பளிச்சென்று புரிந்தது. பெட்டி கத்தாமல் இல்லை. கத்துகிறது, சமையலறையில் கத்துகிறது. முன்னறையில் இருக்கிறவருக்கு எப்படிக் கேட்கும்? இத்தனை நாள் கேட்டதே என்று மருமகள் கேட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியைக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுபோய், தம் சாய்வு நாற்காலிக்குப் பின்னால், காதுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் மாட்டினார். அளவு நாடா வைத்து அளந்தே மாட்டினார்.

"இப்போ விளக்கு உங்க முதுகுப் பக்கம் போயிடுச்சே மாமா."

"எனக்கு வேண்டியது சத்தம்மா. விளக்கைப் பார்த்துக்கிட்டு உக்கார நான் என்ன விட்டில்பூச்சியா?"

மகன் வேலைக்குக் கிளம்பும்போது இதைப் பார்த்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆகவே கம்பி உள்ள எதையும் தன்னால் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறவன்.

"அப்பா, இவ்வளவு சிரமம் எதுக்கு? வாசல் மணியோட இணைச்சு விட்டுடறேன். பெட்டிக்கு அழைப்பு வந்தா வாசல் மணி அடிக்கும். வீடே அதிரும்."

"அடிக்குமா?"

"அடிக்கும்பா. ரெண்டு ஒயர் விஷயம்."

இரண்டு ஒயரையும் இணைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் அவன் ஓடினான். பெரியசாவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசல் மணி அடித்தது. துள்ளி எழுந்து, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். பால்காரர் நின்றிருந்தார்.

"எங்க தீ?" என்றார் பெரியசாவி.

"பால் சார்" என்றார் அவர்.

அடுத்து தபால்காரர் வந்தார். அதற்கடுத்து எதிர்வீட்டு அம்மாள் ஏணி கேட்டு வந்தாள். தலைக்கவசத்தோடு ஒரு மனிதர் ஏணி எடுத்துத் தருவதைப் பார்த்து, "ஏணியிலேருந்து விழுந்துடுவேன்னு பயப்படறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்குக் கட்டுப்பாட்டு அறைப் பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், வணக்கம். ஒண்ணு கேக்கணும். காலையிலேருந்து மூணு தடவை 'வருகிறேன்'னு பதில் அனுப்பியிருக்கீங்க."

"நானா?"

"ஒன்றாம் நம்பர்லேருந்துதான் வருது. ஆனா எங்கேயும் தீயே பிடிக்கல சார். எங்க வர்றீங்க?"

பெரியசாவி வாசல் மணியைப் பார்த்தார். ஒயர்க் கணக்கு தலைகீழாகிவிட்டது என்று புரிந்தது. யார் மணியை அழுத்தினாலும் அது பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்தியதாகிவிடுகிறது. ஆனால் தன் வீட்டுப் பெட்டி பழுது என்று அந்த வாயிலிருந்து எப்படி வரும்?

"தயார் நிலையில இருக்கேன்னு தெரிவிச்சேன்" என்றார்.

"சரி சார். பதிவேட்டுல அப்படியே எழுதிக்கறேன். 'தீக்கு முன்பே புறப்பட்டார்'."

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. முடிதிருத்துகிற கடையிலிருந்து யாரோ, "பெரியசாவி சார், நாளைக்கு எங்க தீ பிடிக்கும்னு சொன்னீங்கன்னா கடையைச் சாத்திட்டு அந்தப் பக்கம் போகாம இருப்போம்" என்று குரல் கொடுத்தார். பெரியசாவி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு ஒயரையும் பிடுங்கிப் போட்டார். பிடுங்கிய வேகத்தில் வாசல் மணியும் ஊமையாகிவிட்டது. அன்று ராத்திரி மகன் வெகுநேரம் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அதைப் பற்றிப் பெரியசாவிக்கு வருத்தமில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு புகை எழுந்தால் போதும். சாவி ரொட்டிக்கடைக்குப் போய்விடும். அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. மாவுக் கை அந்தச் சாவியைத் தொடுவதை நினைத்து, அதை இடுப்பிலிருந்து கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பழுது பார்க்க ஒயர்க்காரம்மாவைக் கூப்பிடலாமே என்று மருமகள் சொன்னாள். பதினோரு பெட்டியையும் மாட்டியதும் பராமரிப்பதும் அந்த அம்மாதான்.

"அவ வந்து போனா ஊருக்கே தெரிஞ்சுடும். ஒன்றாம் நம்பர் வீட்டுல பழுதாம்னு பேசுவாங்க. அந்தப் பேச்சு நம்ம வாசலுக்கு வரக்கூடாது."

"அப்போ என்ன செய்யப் போறீங்க மாமா?"

"கேக்கப் போறேன்" என்றார் பெரியசாவி. "கவனமாக் கேட்டா எந்தச் சத்தமும் கேக்கும். நாம கவனிக்கறதில்ல, அதான் விஷயம்."

கால்சட்டை, காலணி, தலைக்கவசம், இடுப்பில் சாவி என்று முழு உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். வானொலி கூடாது. குழாயைச் சொட்டவிடக் கூடாது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றச் சொன்னார். அப்படியும் ஏதோ கவனத்தைக் கலைத்தது. பெட்டிக்கு எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் சிவப்பு விளக்கின் சின்னப் புள்ளி தெரிந்துகொண்டிருந்தது. அழைப்பு இல்லாத நேரத்திலும், தவறிய அழைப்பு இருக்கிறது என்பதைக் காட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை அது சிமிட்டும். மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினார். பிறகு, கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்று கண்ணையும் மூடிக்கொண்டார்.

இப்படியே மத்தியானம் ஆனது. பிறகு நான்கு மணி ஆனது. மருமகள் பள்ளியிலிருந்து வந்து, சத்தமில்லாமல் காலணியைக் கழற்றி, சத்தமில்லாமல் தேநீர் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். அங்கே போனில் யாருடனோ வெகுநேரம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. அவள் திரும்பி வந்தபோது, "யாரு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அத்தைதான் மாமா."

"என்ன சொன்னே அவகிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல. அத்தைதான் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"சும்மா" என்றாள் மருமகள். அதன் பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துவந்து, வழக்கமான மேசையை விட்டுவிட்டு, முன்னறையில் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தரை மணி இருக்கும்.

"மாமா" என்றாள். "பிளாஸ்திரி சிவப்பா இருக்கு."

"உஷ்."

"மாமா, விட்டு விட்டு எரியுது."

"சும்மா இரும்மா. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"மாமா..."

"ஒரு மனுஷன் அழைப்புக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்போது இப்படிப் பேச்சுக் குடுத்தா, அழைப்பு வந்தாக்கூட எப்படிக் கேக்கும்?"

மருமகள் விடைத்தாள்களைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் அவர் தோளில் லேசாகக் கைவைத்தாள். மாமியார் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை, மாமியார் சொல்லிக் கொடுத்த ராகத்திலேயே சொன்னாள்.

"பெட்டி கூப்பிடுதுங்க. நீங்க ஓடுங்க, பொத்தானை நான் அழுத்திக்கறேன்."

பெரியசாவியின் கால்கள் அவருக்கு முன்னால் எழுந்தன. வாசற்படி, வேலி, தெருமுனை. வீட்டிலிருந்து கொட்டகைக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. எல்லாம் அவர் அளந்து வைத்தது. கதவில் சாவியைப் போட்டுத் திருகியபோது தெருவில் வேறு ஈ காக்கை இல்லை. பதிவேட்டில் முதல் கையெழுத்தைப் போட்டு மூடியும் வைத்துவிட்டார். அதன் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். சின்னசாவி கடைசிக்கு முந்தி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்ன சம்பந்தி, தாமதம்?" என்றார் பெரியசாவி. அந்த ஒரு கேள்வியில் நான்கு நாள் பாரம் இறங்கியது.

"வீட்டுல அவ கடைத்தெருவுக்குப் போயிட்டா, அதான்..." என்று ஆரம்பித்த சின்னசாவி சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதான் அடுப்பை நானே பார்க்க வேண்டியிருந்தது."

மரக்கடையில் கொஞ்சம் மரத்தூள் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு வாளித் தண்ணீரில் அடங்கிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் பெரியசாவிதான் பேசினார். பெட்டி எப்படி அடிவயிற்றிலிருந்து ஊதியது, அலமாரிக் கண்ணாடி எப்படி அதிர்ந்தது என்று சொன்னார். நெற்றியில் இருந்த பழைய தழும்பையும் தடவிக் காட்டினார். பெட்டி வந்த முதல் நாள், முதல் அழைப்புக்கு அவர் புறப்பட்ட வேகத்தில் பட்ட காயம் அது. குழுவின் வரலாற்றில் கடமையில் பட்ட காயம் அது ஒன்றுதான் என்பதை வருடத்துக்கு ஒருமுறையாவது அவர் நினைவூட்டுவது வழக்கம்.

சின்னசாவி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒயர்க்காரம்மாவோடு வந்து நின்றார்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது சம்பந்தி. ரெண்டு தடவை தவறியிருக்கு, மூணு தடவை தீயில்லாம பதில் போயிருக்கு. பெட்டியைத் திறந்து பார்த்துடறது நல்லது. உங்க பேருக்காகத்தான் சொல்றேன்."

"தாராளமாத் திறந்து பாருங்க" என்றார் பெரியசாவி. நேற்றைய வெற்றி இன்னும் முதுகெலும்பில் நின்றது. "நேத்து கத்தின கத்தலை இந்தத் தெருவே கேட்டிருக்கும்."

ஒயர்க்காரம்மா கான்வாஸ் பையைத் தரையில் வைத்தாள். ஐம்பது வயதிருக்கும். நிதானமான பெண். பெட்டி சமையலறையில் இல்லாததைக் கவனித்தாள். பிளாஸ்திரியைக் கவனித்தாள். பக்கவாட்டுத் திருகு முழுசாகத் திரும்பியிருப்பதையும் கவனித்தாள். "வெளிச்சத்தை ஏன் சார் இவ்வளவு குறைச்சு வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியை இறக்கி மேசைமேல் கவிழ்த்து நான்கு திருகாணியையும் கழற்றினாள்.

மகனும் மருமகளும் வந்து நின்றார்கள். சின்னசாவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

பெட்டிக்குள் ஒரு பக்கம் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடத் தூசி மட்டும் இருந்தது.

"ஸ்பீக்கர் எங்க?" என்றான் மகன்.

சின்னசாவி மெதுவாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. மரியாதை மட்டும் நிறைந்து வழிந்தது.

"அப்போ நேத்து கண்ணாடி அதிர்ந்தது எப்படி சம்பந்தி?"

அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கமில்லை. பெரியசாவி பொய் சொல்லவுமில்லை. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சத்தியம் செய்யச் சொன்னால் அப்பாவின் படத்துக்கு முன்னாலேயே செய்வார். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டதை மருமகள் பார்த்தாள்.

"சார் பொய் சொல்லல" என்றாள் ஒயர்க்காரம்மா, தூசியைத் துணியால் துடைத்தபடி. "ஸ்பீக்கரை நான்தான் கழட்டினேன். பெட்டி வந்த மறுநாளே. வீட்டம்மா கழட்டச் சொன்னாங்க."

"யாரு?" என்றார் பெரியசாவி.

"அம்மாதான். முதல் நாள் பெட்டி அலறினதும் சார் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, அலமாரி முனையில நெத்தியை இடிச்சுக்கிட்டு விழுந்துட்டாராம். 'இந்தச் சத்தம் அவருக்கு ஆகாது, விளக்கு மட்டும் எரியட்டும், நானே பதமாக் கூப்பிட்டுக்கறேன்'னாங்க. ஒன்பது வருஷமா அவங்கதான் கூப்பிடறாங்க. நேத்து சாயங்காலம் எனக்குப் போன் பண்ணாங்க. 'நான் வர்றதுக்குப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் அதை மாட்டி வெச்சுடு'ன்னாங்க."

பெரியசாவி நெற்றித் தழும்பைத் தொட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. மாத அட்டையில் வரிசையாக இருந்த 'சரி'கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றில்கூட அவள் 'சத்தம் கேட்டது' என்று எழுதியதில்லை.

சின்னசாவியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் சம்பந்தி... ஆலைச் சங்குன்னீங்களே... கம்பீரமா, அடியிலேருந்து எழும்பும்னீங்களே... என் சம்பந்தியம்மா குரல் அவ்வளவு கம்பீரம்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

ஒயர்க்காரம்மா இதையெல்லாம் கேட்காதவள்போல் கான்வாஸ் பைக்குள் முழங்கைவரை கைவிட்டுத் துழாவினாள். உள்ளே ஏதோ வட்டமான தகடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. ஒன்றை வெளியே எடுத்து, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்து, தலையை அசைத்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த சின்னசாவியின் கையில் வைத்தாள்.

"பதினோரு வீட்டு ஸ்பீக்கரும் ஒண்ணாக் கிடக்குதா, ஒன்றாம் நம்பர் அடியில போயிருக்கு, இது ரெண்டாம் நம்பர், உங்க வீட்டம்மா கழட்டச் சொன்னது, ஒன்றாம் நம்பரைக் கண்டுபிடிக்கற வரைக்கும் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க சார்."